கடைப் பெயரின் எழுத்து ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

எங்கள் வீட்டில் யாராவது "என் பாட்டாவைக் காணோம்" என்றால் பதற வேண்டியதில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால் போதும். எங்கள் இலங்கை மலையகத்தில் ரப்பர் செருப்புக்குப் பெயரே பாட்டாதான். எந்தக் கம்பனி செய்ததாக இருந்தாலும் பாட்டா. அதே மாதிரி, கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் கடை எதுவானாலும் பலர் வாயில் அது 'ஃபுட் சிட்டி'.

என் அப்பாயிக்கு எந்த மொழியிலும் எழுத்துக் கூட்டத் தெரியாது. தீபாவளிச் சாமான் வாங்க ஹட்டன் டவுனுக்கு வந்தால், பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கையை நீட்டிச் சொல்வார்: "அந்தா, செவப்புல சுழிச்சு எழுதியிருக்கு பாரு, அங்கதான் செருப்பு." அவர் அந்தப் பெயரைப் படிக்கவில்லை. தூரத்தில் வருகிற ஆளை நடையை வைத்தே இன்னார் என்று சொல்வோமே, அப்படி எழுத்தின் நெளிவை வைத்தே கடையைக் கண்டுபிடித்தார்.

அந்த நெளிவைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன். பெரிய பெரிய கடைகள் தங்கள் பெயரை எழுதும் விதத்தை ஏன் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுகின்றன, மாறும்போது உண்மையில் எது மாறுகிறது என்பதை இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் பிரித்துக் காட்டுகிறேன். நான் பதினாறு வயதில் போர்ட் எழுதப் பழகியவன். இப்போது பிரஷ் மூலையில் கிடக்கிறது, கணினியில் கோரல் ட்ரோ என்ற வரையும் மென்பொருளைத் திறந்து வைத்து பேனர் அடிக்கிறேன். ஆகவே பெரிய டிசைனரின் பார்வை இது இல்லை. ஏணி மேல் நின்றவனின் பார்வை.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். லோகோ என்றதும் பலருக்கு ஒரு படம்தான் ஞாபகம் வரும்: சிங்கம், இலை, வட்டத்துக்குள் ஏதோ ஒன்று. ஆனால் கடைகளின் லோகோக்களில் ஏராளமானவற்றில் படமே கிடையாது. பெயரை ஒரு குறிப்பிட்ட விதமாக எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான். இதை வேர்ட்மார்க் என்பார்கள். எழுத்துச் சின்னம் என்று சொல்லிக்கொள்வோம்.

இது எழுத்துருவிலிருந்து வேறானது. எழுத்துரு என்பது ரெடிமேட் சட்டை மாதிரி. அதில் உள்ள 'க' எந்தச் சொல்லில் வந்தாலும் ஒரே 'க'தான், பக்கத்தில் யார் நிற்கிறார் என்று அதற்குத் தெரியாது. எழுத்துச் சின்னம் அளவெடுத்துத் தைத்தது. அந்த ஒரு சொல்லுக்காக, அந்த எழுத்துகள் அந்த வரிசையில் நிற்பதற்காக மட்டும் வரைவது. எழுத்துருவில் தொடங்கினாலும் நல்ல டிசைனர் அதை அப்படியே விடமாட்டார். ஒரு காலை நீட்டுவார், ஒரு இடைவெளியை இறுக்குவார், ஒரு வளைவை நிமிர்த்துவார். இடைவெளி விஷயத்தில் எனக்குப் பிரஷ் பிடிக்கச் சொல்லித்தந்த மாஸ்டர் மகா கண்டிப்பானவர். "எழுத்தை நீ எழுத வேண்டாம், நடுவுல இருக்கிற இடைவெளிய எழுது" என்பார். 'ட'வுக்கு அடுத்து 'ர' வந்தால் 'ட'வின் வலப்பக்கம் மேலே வெறுமையாகக் கிடக்கும். அளவுகோலை வைத்துச் சமமாக இடம் விட்டால் கண்ணுக்கு ஓட்டைப்பல் மாதிரி தெரியும். கண்ணை வைத்து நெருக்க வேண்டும்.

அவருடைய இன்னொரு பாடம்: வேலை பாதி முடிந்ததும் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று கண்ணை அரைவாசி மூடிப் பார்க்க வேண்டும். அப்போது எழுத்துகள் கலங்கி ஒரே உருவமாகத் தெரியும். அந்த உருவம்தான் அப்பாயி பார்த்தது. ஹட்டனில் பின்னேரம் பனிமூட்டம் இறங்கினால் கண்ணை மூடத் தேவையே இல்லை, ஊரே அரைக்கண்ணால்தான் தெரியும்.

சரி, பாட்டாவுக்கே திரும்பி வருவோம். 1894இல் இப்போது செக் குடியரசில் இருக்கும் ஸ்லின் என்ற ஊரில் தோமாஷ் பாட்டா, அண்ணன் அந்தோனின், அக்கா அன்னா மூவரும் சேர்ந்து தொடங்கிய செருப்புக் கம்பனி. அவர்கள் மொழியில் அந்தக் குடும்பப் பெயரின் 'ட'வுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொக்கி உண்டு. அது அலங்காரம் இல்லை. உச்சரிப்பையே மாற்றுகிற குறி, நம் புள்ளி மாதிரி. கம்பனி உலகம் முழுக்கப் பரவியபோது அந்தக் கொக்கி உதிர்ந்துவிட்டது. ஹட்டனிலோ நைரோபியிலோ அதை யார் வாசிக்கப் போகிறார்கள்? ஆனால் கையால் ஓடவிட்ட கூட்டெழுத்து மாதிரியான அந்தச் சிவப்பு வடிவம் நிலைத்தது. எழுத்துச் சின்னம் மாறுவதில் இது ஒரு வகை: ஊரைத் தாண்டும்போது ஊருக்கு மட்டும் புரிகிற குறி போய்விடும், நெளிவு தங்கிவிடும்.

பெயரே எழுத்துகளை ஒட்டவைத்துப் பிறந்த கதைகளும் உண்டு. நமக்கு நெருக்கமான ஒன்று பிரித்தானியாவின் டெஸ்கோ. ஜாக் கோஹென் என்பவர் 1919இல் லண்டன் சந்தையில் தள்ளுவண்டி போட்டு ஆரம்பித்தார். 1924இல் டி. ஈ. ஸ்டொக்வெல் என்ற வியாபாரியிடம் தேயிலை வாங்கினார். அந்தத் தேயிலைக்கு ஒரு பெயர் வேண்டும். ஸ்டொக்வெல்லின் பெயரிலிருந்து முதல் மூன்று எழுத்து, தன் பெயரிலிருந்து முதல் இரண்டு எழுத்து: டெஸ்கோ. ஆக, அந்தப் பெரிய கடைத்தொகுதியின் பெயர் முதலில் ஒட்டப்பட்டது ஒரு தேயிலைப் பொட்டலத்தில். எந்தத் தோட்டத்துக் கொழுந்தோ! இப்போது அந்த ஐந்து பெரிய எழுத்துகளும் சிவப்பில் நிற்கின்றன, அடியில் நீலத்தில் ஐந்து சாய்ந்த கோட்டுத் துண்டுகள். எழுத்தை மறைத்துவிட்டு அந்தத் துண்டுகளை மட்டும் காட்டினாலும் அங்கே வாழ்கிறவர்கள் கடையைச் சொல்லிவிடுவார்கள்.

நம் லிப்டன் துரையும் முதலில் மளிகைக் கடைக்காரர்தான் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 1871இல் கிளாஸ்கோவில் ஒரு கடை, அப்புறம் ஊர் ஊராகக் கிளைகள். 1890இல்தான் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னத் தொழிற்சாலை அந்த ஆண்டுக் கட்டடம். கடையின் பெயர் தேயிலையின் பெயரானது அவர் கதை. தேயிலையின் பெயர் கடையின் பெயரானது டெஸ்கோவின் கதை. மலையகத்துக்கே சொந்தமான கடைக் கதையும் இருக்கிறது. இன்று ஃபுட் சிட்டி நடத்தும் கார்கில்ஸ் 1844இல் கண்டியில் பிறந்தது. முதலாவது ஃபுட் சிட்டி திறந்ததோ 1983இல், கொழும்பில்.

சதொசவை எடுங்கள். கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம் என்பதைச் சிங்களத்தில் சொல்லும் சொற்களின் முதல் எழுத்துகள் அவை. தமிழில் அந்த மூன்று எழுத்தும் எதன் சுருக்கமும் இல்லை, வெறும் ஒலிதான். இருந்தும் அரிசி விலை கேட்கப் போகிறவருக்கு 'சதொச' முழுத் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. நீண்ட பெயர் சுருங்கிச் சுருங்கி ஒரு உருவமாகும் வரைக்கும் மக்களே செதுக்குகிறார்கள். டிசைனர் வருவது அதற்குப் பிறகு.

ஒரு கோட்டின் கதை

வால்மார்ட்டுக்கு இலங்கையில் கடை கிடையாது. ஆனாலும் எழுத்து எப்படி உருமாறுகிறது என்று படிக்க அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

1962இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ரோஜர்ஸ் என்ற சின்ன ஊரில் சாம் வால்டன் முதல் கடையைத் திறந்தார். பெயர் வைக்கும்போது மூன்று நான்கு சொல் நீளத்தில் பல பெயர்களை யோசித்து வைத்திருந்தாராம். அவருடைய கடை மேலாளர் பாப் போகல் என்பவர் வால்மார்ட் என்று எழுதிக் காட்டினார். அவர் சொன்ன காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆங்கிலத்தில் ஏழே எழுத்து. எழுத்து குறைந்தால் வாங்கும் செலவு குறைவு, மாட்டும் செலவு குறைவு, நியோன் விளக்கு போடவும் பழுது பார்க்கவும் செலவு குறைவு. முன்பு நீளமான பெயருள்ள கடைக்குப் போர்ட் மாட்டிக் காசை இறைத்த அனுபவம் அவருக்கு இருந்தது. உலகத்திலேயே மிகப் பெரிய சில்லறைக் கடையின் பெயர் போர்ட் செலவைப் பார்த்து வைத்தது! எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து வேலை எடுத்த எங்கள் மாஸ்டர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

இதே பெயரைத் தமிழில் எழுதினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வால்மார்ட். இலக்கணப்படி ஐந்து எழுத்து, ஆங்கிலத்தைவிட இரண்டு குறைவு. ஆனால் அக்ரிலிக்கில் வெட்டி மாட்டுவதாக இருந்தால் வ, கால், ல, ம, கால், ர, ட என்று ஏழு உருவம், மேலே மூன்று புள்ளி. மொத்தம் பத்துத் துண்டு. போகலின் கணக்கு நம்மிடம் எடுபடாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் அந்தக் கடைக்கு நிலையான எழுத்தே இல்லை. அச்சகத்தில் எந்த அச்சு கிடைத்ததோ அதில் அடித்தார்கள். நம் ஊர்க் கடைகளில் போர்டில் ஒரு எழுத்து, பில் புத்தகத்தில் ஒரு எழுத்து, கலண்டரில் இன்னொரு எழுத்து இருக்குமே, அதே நிலைமை. 1964இல்தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிலைநிறுத்தினார்கள். பழைய கௌபாய் படப் போஸ்டரில் வருகிற மாதிரி எழுத்து, வால் என்பதற்கும் மார்ட் என்பதற்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு. பட்டிக்காட்டுக் கடை, விலை மலிவு, வந்து பாருங்கள் என்று சொல்லும் குரல் அதில் இருந்தது. 1981இல் கௌபாய் போய், தடித்த நேரான பெரிய எழுத்துகள் வந்தன. கோடு மட்டும் அப்படியே. 1992இல் கோட்டின் இடத்தில் ஒரு நட்சத்திரம் ஏறி உட்கார்ந்தது. 2008இல் நட்சத்திரமும் போனது. முதல் எழுத்து மட்டும் பெரியது, மற்றவை சின்ன எழுத்து, சொல்லுக்குப் பின்னால் ஆறு மஞ்சள் கதிர்கள்.

அந்தக் கோடு எதற்கு இருந்தது? புதிதாகப் படிக்கும் பிள்ளைக்குச் சந்தி பிரித்து எழுதிக் காட்டுவோம், இல்லையா? அதே வேலைதான். இது வால்டனின் மார்ட், இரண்டு துண்டு, இங்கே நிறுத்திப் படி என்று கோடு சொன்னது. நாடு முழுக்கப் பெயர் பழகிய பிறகு பிரித்துக் காட்டத் தேவை இல்லை. நட்சத்திரம் ஒரு இடைக்கால ஏற்பாடு: இடைவெளி இருக்கும், ஆனால் கோடு இல்லை. கடைசியில் இடைவெளியும் மூடிக்கொண்டது. 44 ஆண்டு எடுத்து ஒரு கோட்டை மெல்ல மெல்ல விழுங்கியிருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், போர்டில் 2008இலேயே போய்விட்ட கோடு கம்பனியின் சட்டப் பெயரில் 2018 பெப்ரவரி முதலாம் திகதி வரை இருந்தது. பத்து வருடம் வாசலில் ஒரு பெயர், பதிவுப் புத்தகத்தில் வேறு பெயர். லோகோவில் எழுதியிருப்பதும் உண்மையான பெயரும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இந்த நுட்பம் புரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

2025 ஜனவரியில் இன்னொரு மாற்றம் வந்தது. எழுத்து கொஞ்சம் தடித்தது, நீலமும் மஞ்சளும் அழுத்தமாயின. சாம் வால்டன் போட்டுக்கொண்டிருந்த தொப்பியில் இருந்த எழுத்திலிருந்து அதை எடுத்தார்களாம். காசு கொட்டி ஒன்றும் மாற்றவில்லையே என்று பலர் கேலி செய்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழகிய முகத்தில் கை வைப்பவன் கொஞ்சமாகத்தான் கை வைக்க வேண்டும். உடுப்புக் கடைத்தொகுதியான கேப் 2010 ஒக்டோபரில் அதைச் செய்யவில்லை. நீலப் பெட்டிக்குள் உயரமாய் நின்ற ஒல்லி எழுத்துகளைத் தூக்கிவிட்டு, எங்கு பார்த்தாலும் தென்படுகிற ஹெல்வெட்டிக்கா என்ற எழுத்துருவில் ஒரு கறுப்பு எழுத்தை வைத்தார்கள். மக்கள் கொதித்ததில் ஒரே வாரத்தில் பழைய பெட்டியே திரும்பி வந்தது. அளவெடுத்துத் தைத்த சட்டையைக் கழற்றி ரெடிமேடை மாட்டினால் பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

எதில் எழுதுகிறோமோ அதுதான் எழுத்தின் விதி

ரசனை மாறுவதால்தான் லோகோ மாறுகிறது என்று நினைப்போம். என் அனுபவத்தில் ரசனையைவிட எழுதும் பரப்புக்குத்தான் அதிகாரம் அதிகம். இது தமிழுக்குப் புதிது இல்லை. ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் புள்ளி வைக்காமல் விட்டார்கள். வைத்தால் ஓலை ஓட்டையாகும். பரப்பு சொன்னபடி எழுத்து கேட்டது.

தகரத்தில் எனாமல் பெயின்ட் வைத்து பிரஷால் எழுதிய காலத்தில் எழுத்துக்குத் தடிப்பும் மெலிவும் தானாகவே வந்தது. பிரஷை அழுத்தினால் தடிப்பு, தூக்கினால் மெலிவு. நிழல் போட்டால் எழுத்து பலகையைவிட்டு எழுந்து நிற்கும், அதற்கு மாஸ்டர் தனிக் காசு வாங்குவார். அப்புறம் வெட்டி ஒட்டும் அக்ரிலிக் எழுத்துகளும் உள்ளே எல்ஈடி விளக்கு வைக்கும் போர்டுகளும் வந்தன. எழுத்தின் உடம்பு மெலிந்திருந்தால் உள்ளே விளக்கு உட்காராது. ஆகவே மெல்லிய கோடுகள் போயின, எல்லா இடமும் ஒரே தடிப்பானது. டிஜிட்டல் பேனர் வந்ததும் எதையும் அடிக்கலாம் என்றாகி எழுத்துக்குள் வானவில், எழுத்துக்குப் பின்னால் தீப்பிழம்பு. அந்தக் காலத்து வேலைகளை இப்போது பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கும். அதை அடக்கியது கைபேசி. விரல் நுனி அளவு சதுரத்தில் தீப்பிழம்பு தெரியாது. நிழலும் தெரியாது. எழுத்தின் முனையில் ஆணி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கால்களும் தெரியாது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெரிய கடைகளின் லோகோக்கள் பலவும் தட்டையாக, மொட்டையாக, ஒன்றைப் போல் மற்றொன்று ஆகிக்கொண்டு வருவதற்கு முக்கியமான காரணம் இந்தச் சின்னக் கண்ணாடிதான்.

இக்கியா என்ற சுவீடன் தளபாடக் கடையின் கதை இதை இன்னும் தெளிவாகக் காட்டும். அவர்கள் விளம்பரங்களுக்கும் விலைப் பட்டியலுக்கும் ஃபியூச்சரா என்ற அழகான எழுத்துருவை நீண்ட காலம் பயன்படுத்தினார்கள். 2009இல் அதை விட்டு வெர்டானாவுக்கு மாறினார்கள். வெர்டானா கணினித் திரைக்காகவே மத்தியூ கார்ட்டர் வடிவமைத்தது, பெரும்பாலான கணினிகளில் இருந்தது. அச்சில் அது அசிங்கம் என்று டிசைனர்கள் போர்க்கொடி தூக்கினார்கள். கடை அசையவில்லை. பத்து வருடம் கழித்து 2019இல் மறுபடி மாற்றினார்கள். இந்த முறை தேர்ந்தெடுத்தது நோட்டோ.

நோட்டோ என்ற பெயருக்குள் ஒரு பகிடி இருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் ஒரு மொழியைத் திறந்தால் எழுத்துக்குப் பதிலாகச் சின்னச் சின்ன வெற்றுக் கட்டங்கள் தெரியும். பார்க்க டோஃபு என்ற சோயாத் தயிர்க்கட்டி மாதிரி இருப்பதால் அந்தக் கட்டங்களுக்கே டோஃபு என்று பெயர். இனி டோஃபு வேண்டாம் என்பதுதான் நோட்டோ. உலகத்தின் எல்லா எழுத்துமுறைகளையும் ஒரே குடும்பமாக வரைய கூகுள் எடுத்த முயற்சி அது. தமிழும் சிங்களமும் அதில் உண்டு. பல நாட்டில் கடை போடுகிறவனுக்கு அழகைவிடக் கட்டம் விழாமல் இருப்பது முக்கியமாகிவிட்டது.

கட்டம் விழுந்த வேதனை நமக்குத் தெரியாததா? சில வருடங்களுக்கு முன் பல ஊரில் கிளை வைத்திருக்கும் ஒரு கடையின் போர்ட் வேலை எங்களிடம் வந்தது. எந்தக் கடை என்பது வேண்டாம். கொழும்பிலிருந்து கோப்பு அனுப்பியிருந்தார்கள். அதில் ஆங்கிலப் பெயர் ஓவியமாக வந்திருந்தது. எந்தக் கணினியில் திறந்தாலும் ஒரு மயிரிழை அசையாது. தமிழ்ப் பெயரோ, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைக் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தபடியே வந்திருந்தது. எங்கள் கடையில் அன்றுதான் புதுக் கணினி மாற்றியிருந்தோம், அதில் பாமினி இல்லை. பாமினி இல்லாத இடத்தில் அந்த எழுத்தைத் திறந்தால் 'தமிழ்' என்பது ஜே, கே, பீ, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி என்று தெரியும். இரவு வேலையில் இருந்த தம்பி ஏதோ இங்கிலீஷ் டிசைன் என்று நினைத்து அப்படியே அடித்துவிட்டான். பத்தடி நீளம். ஏணி வைத்து மாட்டிய பிறகு கீழே நின்று வாயைப் பிளந்து பார்த்தோம். செலவு எங்கள் தலையில்தான். கோப்பைத் திறந்து பார்க்காதது எங்கள் பிழை.

ஆனால் அன்றிரவு எனக்கு உறைத்தது வேறு. ஆங்கிலத்துக்கு யாரோ ஒருவர் உட்கார்ந்து வளைவு வளைவாக வரைந்திருக்கிறார். தமிழை யாரோ தட்டிவிட்டு எழுந்து போயிருக்கிறார். அன்று முதல் போர்டுகளை அப்படித்தான் பார்க்கிறேன். கண்டியிலும் பண்டாரவளையிலும் நடந்து போகும்போது எண்ணிப் பாருங்கள். ஆங்கில எழுத்து மாறி மாறி மெருகேறிக்கொண்டே வரும். அதற்கு அடியில் உள்ள தமிழ் எந்த ஆண்டிலும் அதே தமிழ்.

தமிழில் வரைவது ஏன் சிக்கல்

சோம்பல் ஒரு காரணம். ஆனால் வேலையும் லேசு இல்லை. வால்மார்ட்டின் புள்ளிக் கணக்கு இங்கேதான் உதவும். ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் மெய்யெழுத்துகள் குவிந்துவிடும். 'கார்கில்ஸ் ஃபுட் சிட்டி' என்று எழுதிப் பாருங்கள், தலைக்கு மேல் ஐந்து புள்ளி, பற்றாததற்கு ஒரு ஆய்தம். புள்ளிக்கு மேலே இடம் விட வேண்டும். 'சி' 'கி' இவற்றின் கொண்டைக்கும் மேலே இடம் வேண்டும். 'பு' வந்தால் கீழேயும் கால் இறங்கும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் மட்டும் எழுதினால் மேலும் கீழும் கத்தரித்த மாதிரி ஒரு பட்டி கிடைக்கும். அதே உயரப் பட்டிக்குள் தமிழை அடைக்கச் சொன்னால், புள்ளிக்கும் காலுக்கும் இடம் கொடுத்துவிட்டு எழுத்தின் உடம்பு குறுகிப்போகும். பலகையில் தமிழ் எப்போதும் சின்னதாகத் தெரிவதன் ரகசியம் இதுதான். யாரும் வேண்டுமென்றே சின்னதாக்க வேண்டியதில்லை, ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டியே அந்த வேலையைச் செய்துவிடும்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடே நமக்குக் கிடையாது. 2008இல் வால்மார்ட் சின்ன எழுத்துக்கு இறங்கிக் குரலைத் தணித்தது என்று பார்த்தோம். தமிழில் அந்த வழி அடைபட்டது. குரலைத் தணிக்க வேண்டுமென்றால் வேறு வழி தேட வேண்டும்: மூலைகளை உருட்டுவது, தடிப்பைக் குறைப்பது, இடைவெளியைத் தளர்த்துவது. சிலர் குறுக்கு வழியாக ஆங்கில 'எல்' எழுத்தைத் தூக்கி வந்து 'ட' ஆக்குவார்கள். தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். ஆங்கில 'எல்' எழுத்துக்கு நிற்கும் கோடுதான் உடம்பு, படுக்கும் கோடு அதற்கு ஒரு கால். 'ட'வுக்கு அடியில் படுத்திருக்கும் கோடுதான் உடம்பு. சொந்தமாக வரைந்தால் மட்டும் அது நேராக உட்காரும்.

சிங்களத்துக்கும் நமக்கும்கூட இதில் வித்தியாசம் உண்டு. சிங்கள எழுத்து பெரும்பாலும் உருண்டை. நம்மில் ட, ப, ம எல்லாம் மூலை உள்ளவை, ழ, இ, ஞ எல்லாம் சுழல்பவை. ஒரே சொல்லில் இரண்டு சாதியும் கலந்து வரும். மூலையும் சுழியும் ஒரே குடும்பம் என்று தெரியும்படி வரைவதுதான் தமிழ் எழுத்துச் சின்னத்தின் முழு வித்தை.

போன வருடம் எங்களுக்கு அப்படி ஒரு வேலை வந்தது. டிக்கோயாப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் தொடங்கிய ஒரு தேயிலைத் தூள் கடை. இப்போது ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கிளை. மூன்றாவதாக நுவரெலியாவில் திறக்கப் போகிறார்கள், மூன்று கடைக்கும் ஒரே மாதிரி போர்ட் வேண்டும். பேரன் தாத்தா காலத்துத் தகரப் பலகையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். துரு ஏறியிருந்தது. என்றாலும் எழுத்து கம்பீரமாக இருந்தது. 'தேயிலை' என்ற சொல்லில் 'லை' பழைய 'லை', யானை தும்பிக்கையைத் தூக்கின மாதிரி முன்னால் வளைந்து ஏறும் வடிவம்.

இந்த ஒரு சொல்லிலேயே இரண்டு சீர்திருத்தம் ஒளிந்திருப்பதை அன்றுதான் கவனித்தேன். 'தே'யில் இரட்டைச் சுழி போட்ட கொம்பு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்தது என்பார்கள். தும்பிக்கை 'லை'யை விட்டுவிட்டு மற்ற எழுத்துகளைப் போல ஐகாரக் கொம்பு போடச் சொன்னது 1978இல் தமிழ்நாடு அரசு, பெரியார் முன்பே எழுதிக் காட்டிய வழியில். ஒரு கடை மாற்றினால் லோகோ மாற்றம். ஒரு அரசு மாற்றினால் எல்லாக் கடைப் போர்டிலும் எழுத்து மாற்றம்.

"அண்ணே, இந்த லையை அப்படியே வைக்க முடியுமா?" என்று பேரன் கேட்டார்.

"வைக்கலாம் தம்பி. ஆனா சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாதே" என்றேன். கூட வந்திருந்த அவருடைய மகளைக் கூப்பிட்டுப் பலகையைக் காட்டினோம். நாலாம் வகுப்புப் படிக்கிறாள். "தேயி" வரைக்கும் வேகமாக வந்துவிட்டு நின்றாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அப்புறம் "எங்கட கடை" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லாமல் பிரஷைத் தேடி எடுத்துக் கழுவினேன். அந்தச் சொல்லைக் கணினியில் தட்டவில்லை. தாளில் பிரஷால் எழுதி, படம் எடுத்து, அதன் மேல் வளைவுகளை இழுத்து ஓவியமாக்கினேன், எந்தக் கணினியிலும் கட்டம் விழாதபடிக்கு. மூன்று கடை வாசலிலும் தும்பிக்கை 'லை'. பில் புத்தகத்திலும் வியாபாரப் பதிவிலும் இப்போதைய 'லை'. நுவரெலியாக் கிளையின் போர்டை மாட்டிவிட்டு ரோட்டைக் கடந்து போய் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது, எழுத்து கலங்கித்தான் தெரிந்தது. தும்பிக்கை மட்டும் தனியாக மேலே எழும்பி நின்றது.